நாற்காலியிலிருந்து மேடைக்கு!

கூலாயில் ஒரு பொங்கல் விழாவுக்கு நான் அறிவிப்பாளராகச் சென்றிருந்தேன். ஆடியவர்கள், பாடியவர்கள் எல்லாரும் கோலாலம்பூரிலிருந்து வந்த கலைஞர்கள். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தோட்டத்துல நாங்களேதான் ஆடுவோம், நாங்களேதான் பாடுவோம் தம்பி. இப்ப நாற்காலியப் போட்டு உட்கார வெச்சிட்டீங்க!" என்றார்.

அந்தச் சொல்தான் என்னை வரலாற்றைப் புரட்ட வைத்தது.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 1924-இல் திருவாரூரிலிருந்து அங்கு வந்து, 1935-இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கியவர் கோ. சாரங்கபாணி. பெரியாரின் சீர்திருத்தக் கொள்கையில் ஊறியவர். அன்று நம்மவர்கள் சாதியாலும் மதத்தாலும் பிரிந்து கிடந்தனர். மேடை போட்டுப் பேசினால் மட்டும் சாதி ஒழிந்துவிடுமா?

அவர் வேறு வழி கண்டார். 1952-இல் தைப்பொங்கலையொட்டித் 'தமிழர் திருநாள்' பிறந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்ற வேறுபாடின்றித் தமிழர் அனைவருக்கும் பொதுவான விழா. இலக்கியம், கலை, விளையாட்டு எனப் பல போட்டிகள். மலாயாவுக்கும் அது பரவியது.

இதன் சூட்சுமம் என்ன தெரியுமா? போட்டி என்றால் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். சாதி கேட்டுக்கொண்டிருந்தால் நாடக ஒத்திகை நடக்குமா? வேடிக்கை பார்க்க வந்தவர் பங்கேற்பாளர் ஆனார்.

இதே சாரங்கபாணிதான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி! தோட்டப் பாட்டாளியும் கொடுத்தார். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை உருவானது. இன்றும் அது கோலாலம்பூரில் இயங்குகிறது. கூடி ஆடத் தெரிந்த சமுதாயத்துக்குக் கூடிக் கொடுக்கவும் தெரிந்திருந்தது.

இன்று கூலாயைப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான்களில் சிதறிவிட்டன. பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் குண்டர் கும்பலில் சேர்ந்த பிறகுதான் அவனைப் பற்றிப் பேசுகிறோம். நட்சத்திரக் கலை இரவுகளுக்கு நாம் கைதட்டலாம், தவறில்லை. ஆனால் கைதட்டுவது மட்டுமே நம் வேலையா?

அடுத்த பொங்கலுக்கு அந்தப் பாட்டியை மேடையேற்றுவோம். தாமான் பிள்ளைகளுக்கு அவர் கும்மி சொல்லிக் கொடுக்கட்டும். அறிவிப்பாளர் நான் வேண்டுமானால் நாற்காலியில் உட்கார்ந்து கொள்கிறேன்!