பண்பாட்டு மானிடவியலும் நம் மலையின் பளியர்களும்

தேவதானத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலைத்தொடரில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு உட்படப் பல இடங்களில், பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கீழே ஊருக்குள் அவர்களைப் பற்றிச் சொல்வது இதுதான்: "பயந்த ஜனம். சத்தம் போட்டா ஓடிப்போயிரும்." பண்பாட்டு மானிடவியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பேச்சையே உதாரணமாகச் சொல்லலாம்.

முதலில் 'பண்பாடு'. நாம் இதை நல்லொழுக்கம் என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். மானிடவியலில் அப்படி இல்லை. 1871-இல் எட்வர்டு டைலர் தந்த வரையறைப்படி அறிவு, நம்பிக்கை, கலை, சட்டம், வழக்கம் என்று ஒருவர் சமூகத்தில் இருந்து கற்றுக்கொள்வது எல்லாமே பண்பாடுதான். ஆகவே பண்பாடில்லாத மக்கள் என்று யாரும் கிடையாது! (அதே டைலர் பண்பாடுகளைப் படிக்கட்டு போல மேல் கீழாக அடுக்கியவர் என்பது வேறு கதை.)

தமிழகத்தில் இத்துறையின் ஆரம்பம் அளவுகோலோடு நடந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் பளியரும் உண்டு. பெரிய தகவல் களஞ்சியம்தான். ஆனால் மூக்கை அளந்தால் மனசு தெரியுமா?

முதல் உலகப் போர்க் காலத்தில் மலினோவ்ஸ்கி டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு பழகி எழுதினார். இதையே 'பங்கேற்று உற்றுநோக்கல்' என்கிறார்கள்.

அந்த வழியில் பளியர்களிடம் வந்தவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்கர். 1962 முதல் 1964 வரை அவர்களிடையே ஆய்வு செய்தார். வள்ளிக்கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்ந்த அந்த மக்களிடம் அவர் கண்டது பயத்தை மட்டுமல்ல. ஒருவரை ஒருவர் தரக்குறைவாக நடத்தக்கூடாது என்பது அவர்களிடையே முக்கியமான நெறி. அதிகாரம் செய்வதும் போட்டி போடுவதும் பிடிக்காது. சண்டை வரும்போல் இருந்தால் ஒருவர் விலகிப் போய்விடுவார். கணவன் மனைவிக்குள்ளும் அப்படித்தான். திருப்பி அடிப்பதை வீரம் என்று எண்ணும் நம் கண்ணுக்கு இது கோழைத்தனமாகப் படுகிறது. நம் அளவுகோலால் பிறரை அளக்கும் இந்தப் பழக்கத்துக்குத் தன்னின மையவாதம் என்று பெயர். ஒரு வழக்கத்தை அந்தப் பண்பாட்டுக்குள் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும் என்பது பிரான்சு போவாஸ் வழி வந்த பண்பாட்டுச் சார்புநிலை.

விஷயம் இத்தோடு முடியவில்லை. இந்த விலகிப்போகும் குணத்துக்கு, வலிமையான சமவெளி மக்கள் தந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்று கார்ட்னர் 1966-இல் எழுதினார். சமவெளி மக்கள் என்றால் வேறு யாருமில்லை, நாம்தான்.

2000-இல் வெளியான நூலில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். பளியர்கள் இரண்டு பண்பாடுகளில் புழங்கத் தெரிந்தவர்கள். காட்டில் தங்கள் வழியிலும், நம்மோடு பழகும்போது நம் வழியிலும் நடந்துகொள்வார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அவர்கள் வழி தெரியும்?