இருளில் நழுவும் வாகன எண்: டேஷ்கேம் பதிவிலிருந்து எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது

சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை, மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிச் செல்கிறது. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரும் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால், உப்பளத் தொழிலாளர்கள் விடியலுக்கு முன்பே நடந்தும் மிதிவண்டியிலும் வேலைக்குப் புறப்படுகின்றனர். அதே இருளில் சுற்றுலாக் கார்களும் சரக்கு வண்டிகளும் விரைகின்றன. இத்தகைய சாலையில் ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் சென்ற வண்டியின் எண் கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே, பாதிக்கப்பட்ட குடும்பம் சட்டத்தின் முன் எங்கே நிற்கும் என்பது முடிவாகிறது.

எண் கிடைக்காவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் மட்டுமே கிடைக்கும். எண் கிடைத்தால், ஓட்டுநரின் தவறை நிறுவாமலேயே 164ஆம் பிரிவின்கீழ் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் கோரலாம். அல்லது 166ஆம் பிரிவின்கீழ், இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டு முழு இழப்பீடு கோரலாம். குற்ற வழக்கும் அப்போதுதான் ஓர் ஆளை நோக்கி நகரும். 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 67,387 விபத்துகள் மோதிவிட்டுத் தப்பிய விபத்துகளாகப் பதிவாயின. அவற்றில் 30,486 பேர் உயிரிழந்தனர்.

சாலையில் சென்ற வேறொரு வண்டியின் டேஷ்கேம், அதாவது முன்கண்ணாடியில் பொருத்தப்பட்ட பதிவுக் கேமரா, பல நேரங்களில் ஒரே சாட்சியாக அமைகிறது. அந்தச் சாட்சியை எப்படிக் காப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பதைக் களப்பணியாளர்களும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதனை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதல் சில மணி நேரம்

பதிவு வீணாவதற்கு முதற்காரணம் மங்கலான படம் அன்று. டேஷ்கேம் தன் நினைவக அட்டை நிறைந்ததும் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதும். நொடிக்கு 15 மெகாபிட் அளவில் பதியும் கேமராவில் 64 ஜிபி அட்டை சுமார் ஒன்பது மணி நேரம் மட்டுமே தாங்கும். மரக்காணத்தில் அதிகாலை நடந்ததைப் பதிந்த வண்டி அன்று முழுவதும் ஓடினால், மாலைக்குள் அந்தப் பதிவு இல்லாமற்போகலாம். ஆகவே வண்டி உரிமையாளரைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் உதவி, கேமராவை நிறுத்தி அட்டையைக் கழற்றி வைக்கச் சொல்வதே. உதவ முன்வருவோர் அஞ்ச வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது.

இரண்டாவது காரணம் வாட்ஸ்அப். அதன் வழியே அனுப்பும்போது காணொளி மீண்டும் சுருக்கப்படுகிறது. எண்ணின் மெல்லிய கோடுகளே அதில் முதலில் அழிகின்றன. மூலக் கோப்பை அட்டையிலிருந்து அப்படியே நகலெடுக்க வேண்டும். மைக்ரோ எஸ்டி அட்டையை அடாப்டரில் செருகி, அதன் பக்கவாட்டிலுள்ள பூட்டைத் தள்ளிவிட்டுக் கணினியில் இட்டால், தவறுதலாக எதுவும் எழுதப்படாது. நகலெடுத்தவுடன் எஸ்எச்ஏ-256 முறையில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். பின்னாளில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதுவே காப்பு. கேமராவின் கடிகாரம் கைபேசி நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்பதையும் அன்றே எழுதி வைக்க வேண்டும்.

இரவில் எண் ஏன் தெரிவதில்லை

தடை மூன்று. முதலாவது தொலைவு. கார்களின் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர் என்று விதி வகுத்துள்ளது. 1920 பிக்சல் அகலமும் 100 பாகைக் கிடைமட்டப் பார்வையும் கொண்ட கேமராவில், 10 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் நீளம் ஏறக்குறைய 80 பிக்சலாகச் சுருங்கும். அப்போது எழுத்தின் உயரம் 5 பிக்சல். கோட்டுக்கு ஒரு பிக்சல்கூட இல்லை. எந்த மென்பொருளாலும் அதைப் படிக்க இயலாது. 5 மீட்டரில் எழுத்து 10 பிக்சலாகும். அங்கேதான் வாய்ப்பு தொடங்குகிறது.

இரண்டாவது அசைவு. இருளில் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளியை வாங்குகிறது. நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி முக்கால் மீட்டர் நகர்ந்துவிடும். எதிரெதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரு வண்டிகள் 8 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு நெருங்க எடுக்கும் நேரத்தில் மூன்று ஃபிரேம்கூட முழுதாகக் கிடைக்காது. மாறாக, முந்திச் செல்லும் வண்டி நம்மைவிட 20 கிலோமீட்டர் மட்டுமே கூடுதல் வேகத்தில் சென்றால் அதே இடைவெளியில் இருபது ஃபிரேம் கிடைக்கும். ஆகவே மோதிய கணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பது பயன் தராது. அந்த வண்டி கேமரா வண்டியை முந்திய இடம், அதன் பின்னால் சென்ற நிமிடங்கள், வேகத்தடையில் தணிந்த இடம் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

மூன்றாவது ஒளி. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், தன்மீது விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பின்தொடரும் வண்டியின் முகப்பு விளக்கு அதில் பட்டால் பிளேட் முழுவதும் வெண்மையாக வெளுத்துவிடும். வெளுத்த பிக்சலில் தகவல் இல்லை. அதை இருட்டாக்கினாலும் எழுத்து வராது. முகப்பு விளக்கின் வட்டத்துக்குள் பிளேட் நுழையும் முன்பும் விலகிய பின்பும் உள்ள ஃபிரேம்களே உதவும். பின்புற எண்ணை 15 மீட்டரிலிருந்து படிக்குமாறு வெள்ளை விளக்கு ஒளியூட்ட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்த விளக்கு எரிந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளலாம். எரியாத வண்டி என்பதும் ஓர் அடையாளமே.

நேர்மையான மீட்பும் பொய்யான மீட்பும்

காணொளியை எஃப்எஃப்எம்பெக் போன்ற கட்டற்ற மென்பொருளால் ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து, சுருக்கப்படாத படங்களாகச் சேமிப்பதே முதற்படி. அடுத்து, ஒரே பிளேட் தெரியும் பல ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு அடுக்கிச் சராசரி எடுக்கலாம். எழுத்து எல்லா ஃபிரேமிலும் ஒன்றே. இருட்டின் புள்ளிக் குழப்பமோ ஒவ்வொன்றிலும் வேறு. பதினாறு ஃபிரேம்களை அடுக்கினால் குழப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதன்பின் சாய்வை நேராக்குதல், ஒளி வேறுபாட்டைக் கூட்டுதல், அசைவின் திசையும் நீளமும் தெரிந்தால் கணிதமுறையில் மங்கலைக் குறைத்தல் ஆகியவற்றைச் செய்யலாம். இவை அனைத்தும் பதிவில் இருப்பதை வெளிக்கொணர்பவை. ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தால் இன்னொருவர் செய்து பார்த்து அதே முடிவை அடைய முடியும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் செய்வது வேறு. 5 பிக்சல் எழுத்தைக் கொடுத்தால், தாம் பயின்ற ஆயிரமாயிரம் படங்களிலிருந்து பொருத்தமானதாகத் தோன்றும் எழுத்தை அவை வரைகின்றன. 3 எட்டாகவும், 1 ஏழாகவும் துல்லியமாகத் தெரியும்; ஆனால் அது சாலையில் ஓடிய வண்டியின் எண் அன்று. அதைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நாமே ஆயுதம் தருகிறோம்.

பாதி எண்ணும் பயனுடையதே. பதிவெண்ணில் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்பது முன்பே வரையறுக்கப்பட்டது. டிஎன் 32 விழுப்புரம், டிஎன் 16 திண்டிவனம், டிஎன் 19 செங்கல்பட்டு, பிஒய் 01 புதுச்சேரி. கடைசி நான்கு இலக்கங்களில் இரண்டு மட்டும் தெரியாவிட்டால் வாய்ப்புகள் நூறு. வண்டியின் வகை, நிறம், உடைந்த விளக்கு ஆகியவற்றைச் சேர்த்து, வாகன் பதிவேட்டிலும் சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க் கேமராக்களிலும் காவல்துறை தேடினால் நூறு சிலவாகச் சுருங்கும். ஆகவே ‘மூன்றாம் இலக்கம் 3 அல்லது 8’ என்று எழுதிக் கொடுப்பது பலவீனம் அன்று. அதுவே விசாரணைக்கு உண்மையான தொடக்கம்.

நீதிமன்றத்தின் முன்

கோகுல்ராஜ் ஆணவக்கொலை வழக்கில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றாக நின்றது. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் கோயிலுக்கே நேரில் சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர்; அவ்வாண்டு ஜூன் 2 அன்று யுவராஜின் ஆயுள் தண்டனை உறுதியானது. படம் மட்டும் போதாது, கேமரா எங்கே, எந்தக் கோணத்தில் இருந்தது என்பதும் சான்றின் பகுதியே என்பதை இது காட்டுகிறது. டேஷ்கேம் பொருத்தப்பட்ட உயரத்தையும் இடத்தையும் படமெடுத்து வைப்பது அதனால்தான் தேவை.

மின்னணு நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; மூலக் கருவியையே உரிமையாளர் நேரில் ஒப்படைத்து மெய்ப்பித்தால் அது தேவையில்லை என்றும் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அச்சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. முதல் நாளே குறித்த மதிப்பு இங்கே கைகொடுக்கும். அட்டையைக் காவல்துறையிடம் ஒப்படைக்கும்போது கைப்பற்றல் மகஜரின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.

மரக்காணத்தில் இன்னோர் எச்சரிக்கையும் தேவை. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் சென்ற இதே சாலையோரத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அத்தகைய நினைவுள்ள ஊரில், ஐயமுள்ள ஓர் எண்ணைச் சமூக ஊடகத்தில் பரப்பினால் குற்றமற்ற ஒருவர்மீது பழி விழும். அதற்கான பதிலடி சாலையோரக் குடியிருப்புகளின்மீதே முதலில் இறங்கும். எண்ணைப் புகாரில் எழுதுவோம்; பொதுவெளியில் எழுத வேண்டாம்.

எத்தனை முயன்றும் எண் கிடைக்காத வழக்குகள் இருக்கும். ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டறிய இயலாவிட்டால், 161ஆம் பிரிவுத் திட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம் என்பதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி குடும்பத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022-23 நிதியாண்டில் நாடு முழுவதும் 205 விண்ணப்பங்களே வந்தன, அவற்றில் 95 மட்டுமே தீர்க்கப்பட்டன என்ற விவரம் அந்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. முப்பதாயிரம் மரணங்களுக்கு அருகில் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், உரிமையை அறியாமலே எத்தனை குடும்பங்கள் விடப்பட்டன என்பது விளங்கும். முதல் தகவல் அறிக்கை பதிவான நாளிலிருந்து முப்பது நாள் எண்ணி, அக்கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விண்ணப்பம் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் விசாரணைக்குச் சென்று மாவட்ட ஆட்சியரால் தீர்க்கப்படும். வண்டி பின்னர் பிடிபட்டாலும் 166ஆம் பிரிவின் கதவு மூடப்படாது. பெற்ற தொகை மட்டும் கழிக்கப்படும். எனவே இழப்பீட்டு விண்ணப்பமும் எண்ணைத் தேடும் முயற்சியும் ஒருசேர நடக்கட்டும்.