சுக்கிரனைத் தேடி வந்தவர்

'அவனுக்கென்னப்பா, சுக்கிர தசை!' என்று பொறாமைப்படுகிறோம் இல்லையா? சுக்கிரனைப் பார்க்கவே கடல் தாண்டி வந்த ஒருவருக்கு அந்த தசை எப்படி அடித்தது தெரியுமா? கதை, செஞ்சிக் கோட்டையில் கொடி இறங்கிய சமயத்தில் நடக்கிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி - மூன்று மலைகளையும் மதில் சுவரால் வளைத்துக் கட்டிய கோட்டை செஞ்சி. அதை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்தார். 1761 ஜனவரியில், சுமார் 70 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. செஞ்சி மட்டும் தாக்குப்பிடித்தது. ஏப்ரல் 5-ம் தேதி அதுவும் சரண்! தமிழ் மண்ணில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கால் வைக்க இடமில்லை.

அடுத்த இரண்டே மாதத்தில், ஜூன் 6 அன்று வானத்தில் ஓர் அபூர்வம் காத்திருந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் வெள்ளி கிரகம் (நம் சுக்கிரன்தான்) புகுந்து, சூரியன் முகத்தில் கறுப்புப் பொட்டாக ஊர்ந்து போகும். இதை 'வெள்ளி இடைநகர்வு' என்பார்கள்.

அதில் என்ன விசேஷம்? விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறதல்லவா? அதே சூட்சுமம்தான்! பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அந்தப் பொட்டைக் கவனித்து, நேரத்தைக் குறித்தால், சூரியன் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இதற்காகப் பாரீஸிலிருந்து 1760-ல் கிளம்பினார் லெ ஜென்டீல் என்ற வானியலாளர். போகவேண்டிய ஊர் - புதுச்சேரி. ஆனால், மாஹே அருகே வந்தபோதுதான் புதுச்சேரி பறிபோன சேதி கிடைத்தது. கப்பலைத் திருப்பிவிட்டார்கள்! ஜூன் 6 அன்று சொன்னபடி வெள்ளி வந்தது. மனிதர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்த கணக்கு எதற்கு உதவும்?

'எட்டு வருடத்தில் மறுபடி வரும். இருந்து பார்த்துவிட்டே போகிறேன்' என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். இதற்குள் சமாதானமாகி, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்தது. 1768-ல் வந்து சேர்ந்தவர், இடிந்துகிடந்த கவர்னர் மாளிகை மீது ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். காத்திருந்த நாட்களில், நம்மூர் ஜோதிடர்கள் கிரகணத்தைக் கணக்கிடும் முறையையும் கற்றார். சென்னையிலிருந்து ஆங்கிலேயர்கள் நல்ல டெலஸ்கோப் ஒன்றையே அனுப்பிவைத்தார்கள். ஆமாம், கோட்டையைப் பிடித்த அதே ஆங்கிலேயர்கள்தான்!

1769 ஜூன் 4, விடியற்காலை. அதுவரை பளிச்சென்று இருந்த வானத்தில்... மேகம்! வெள்ளி கடந்துபோய் முடிந்த பிறகுதான் சூரியன் முகம் காட்டியது. பாவம், மனிதர் நொறுங்கிப்போனார். 1771-ல் ஊர் திரும்பினால், 'இவர் செத்துப்போய்விட்டார்' என்று சொத்தைப் பங்கு போடும் ஏற்பாட்டில் இருந்தது சொந்தபந்தம்!

அவர் தோற்றார், முயற்சி தோற்கவில்லை. அதே 1769-ல் தாஹிட்டி தீவில் கேப்டன் குக்கும், இன்னும் பல நாட்டவரும் எடுத்த குறிப்புகளைச் சேர்த்துத்தான், சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்ற உண்மையை மனிதன் நெருங்கினான்.

சரி, அந்த வெள்ளி எப்படிப்பட்ட இடம்? அளவில் கிட்டத்தட்ட பூமி. ஆனால் வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ். ஈயமே உருகி ஓடும். சூரியனைச் சுற்ற 225 நாள். தன்னைத்தானே சுற்ற 243 நாள்! அதுவும் தலைகீழாக. அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும்.

2004-லும் 2012-லும் ஜூன் மாதத்தில் இடைநகர்வு நம் ஊரிலேயே தெரிந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்தான். அதுவரை என்ன செய்வது? சில மாதங்கள் விடியலில் கிழக்கேயும், சில மாதங்கள் அந்தியில் மேற்கேயும் வெள்ளி ஜொலிக்கும். பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். மேகம் இருந்தால்? மறுநாள் மறுபடி ஏறுங்கள். லெ ஜென்டீல் எட்டு வருடம் காத்திருந்தாரே!