கருப்பு வெள்ளைப் படச்சுருள் தோற்றம்

டிஜிட்டல் வண்ணப்படத்தைப் பழைய கருப்பு வெள்ளைச் சுருளில் எடுத்ததுபோல் மாற்றும் திருத்தமுறை. ஒளிப்படப் பின்செயலாக்கத்தின் ஒரு பிரிவு.

வண்ணத்தை நீக்கினால் மட்டும் இத்தோற்றம் வராது. ஒவ்வொரு நிறமும் எந்தச் சாம்பலாக மாறுகிறது என்பதே அடிப்படை. தொடக்ககால ஆர்த்தோகுரோமேட்டிக் சுருள் சிவப்பொளியை உணராது. அதில் உதடு கருத்தும் நீலவானம் வெளுத்தும் பதிந்தன. இதைப் பெற, மென்பொருளின் சேனல் மிக்சரில் சிவப்பை விலக்கி நீலத்தையும் பச்சையையும் கலப்பர். பின்வந்த பேன்குரோமேட்டிக் சுருள் எல்லா நிறங்களையும் உணர்ந்தது. அதனுடன் சிவப்பு வடிகட்டி பொருத்தினால் வானம் இருளும். சேனல் மிக்சரில் சிவப்பை உயர்த்தினால் கணினியிலும் அதே விளைவு கிட்டும்.

அடுத்தது மணித்தன்மை, அதாவது படத்தில் தெரியும் நுண்புள்ளித் தன்மை. பலரும் பிழைவிடும் இடம் இதுவே. சுருளின் மணிகள் வெள்ளி ஹாலைடு படிகங்களிலிருந்து உருவாகிறவை. ஒழுங்கற்றுத் திரண்டு, நடுச்சாம்பல் பகுதிகளில் மிகுதியாகத் தெரியும். டிஜிட்டல் இரைச்சலோ நிழலில் கூடும். ஆகவே படம் முழுவதும் ஒரே சீராகத் தூவிய மணி செயற்கையாகவே தோன்றும்.

கோடக் நிறுவனம் 1954-இல் 35 மி.மீ. அளவில் வெளியிட்ட டிரை-எக்ஸ், இல்ஃபோர்டின் எச்.பி.5 ஆகிய சுருள்கள் அதிகம் பின்பற்றப்படும் முன்மாதிரிகள். சில்வர் எஃபெக்ஸ் புரோ இதற்கெனவே உருவான மென்பொருள். ஃபியூஜிஃபிலிம் 2016-இல் எக்ஸ்-புரோ2 கேமராவிலேயே 'அக்ரோஸ்' சுருளின் தோற்றத்தை இணைத்தது; ஐ.எஸ்.ஓ. உயர உயர அதன் மணியும் பெருகும்.