சமையலறைக்குக் கடைசியில் வந்த மின்கம்பி

திருப்பதியிலோ சித்தூரிலோ பழைய சமையலறையைப் புதுப்பிக்க எலக்ட்ரீஷியனை அழைத்தால், "எத்தனை பாயிண்ட் வரும்?" என்றுதான் பேச்சு தொடங்கும். விளக்குக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, சிம்னிக்கு ஒன்று என்று எண்ணி, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு கூலி என்று பெருக்கினால் தொகை கிடைத்துவிடும். விளக்கும் மின்விசிறியும் மட்டுமே இருந்த வீடுகளுக்கு ஏற்ற கணக்கு இது. சமையலறை இதற்குள் பின்னால் வந்து நுழைந்தது. இன்றுவரை சரியாகப் பொருந்தவில்லை.

இந்த வட்டாரத்தின் விளிம்பைத் தொட்ட முதல் பெரிய மின்சாரம் எந்த வீட்டுக்காகவும் வரவில்லை. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் நீளக் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. இந்த வட்டாரத்துக் குப்பம் ஊருக்குப் பக்கத்தில்தான் அந்தச் சுரங்கங்கள். அங்கே எந்திரங்கள் மின்சாரத்தில் ஓடியபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மாகாண அரசு 1927இல் மின்சாரத்துக்கெனத் தனித் துறை தொடங்கியது. 1937இல் மேட்டூர் அணை மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தத் தொகுப்பின் கம்பிகள் வட ஆர்க்காட்டைத் தாண்டிச் சித்தூர் மாவட்டத்தையும் எட்டின. இன்றைய ஆந்திர மண்ணின் இந்த மூலைக்கும் காவிரித் தண்ணீர்தான் வெளிச்சம் கொடுத்தது.

அந்த நாளில் மின்சாரம் என்றால் விளக்கு. சுவரின் மேல் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கம்பியைக் கிளிப்பால் பிடித்து, மட்டம் பார்த்துக் கொண்டுபோவார் வயர்மேன். செய்த வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு பாயிண்டுக்கும் அடுத்த பாயிண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால், எண்ணிக் கூலி கொடுப்பது இரு தரப்புக்கும் நியாயமாகவே இருந்தது. விறகடுப்புப் புகை படிந்த சமையலறைக்கு ஒரே ஒரு பல்பு போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பிளக்குகளின் கதையும் இதோடு ஒட்டியதே. 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்ற உருண்டைக் கால் பிளக்குகள் 1934ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தவை. பிரிட்டன் 1947இல் சதுரக் கால் பிளக்குக்கு மாறியது. இந்தியா பழையதையே வைத்துக்கொண்டு, பின்னர் 6, 16 ஆம்பியராகத் திருத்திக்கொண்டது. இதனால் நம் வீடுகளில் சின்ன பிளக், பவர் பிளக் என்ற இரட்டை வழக்கம் நிலைத்தது. கூலியிலும் பவர் பாயிண்டுக்குத் தனி விலை உண்டானது.

1955இல் கோயம்புத்தூரில் மின்சார ஆட்டுக்கல்லும், 1963இல் பம்பாயில் சுமீத் மிக்சியும் பிறந்தன. அதற்கு முன்பே, 1953இல், சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு போய்விட்டது. ஆனாலும் இட்லி மாவும் சட்னியும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே! இந்த எந்திரங்கள் வீடுகளுக்குள் வரத் தொடங்கிய காலத்தில், செம்புத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கம்பியே பல வீடுகளில் போடப்பட்டது. இணைப்பில் தளர்ந்து சூடாகும் குணம் அதற்கு உண்டு. பழைய வீட்டுச் சமையலறையை இன்று புதுப்பிக்கும்போது செலவு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். புது பாயிண்ட் வைப்பதோடு வேலை முடிவதில்லை. பழைய கம்பியை உருவ வேண்டும், டைல்ஸை வெட்ட வேண்டும், சுவரில் காடி எடுத்துக் குழாய் பதிக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். கிரானைட் மேடை போட்ட பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்தால் அதே வேலைக்கு இன்னும் கூடுதலாகும்.

ஒரு டியூப்லைட் 40 வாட். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். அதாவது ஐம்பது டியூப்லைட்டுகளின் சுமை. பாயிண்ட் கணக்கில் இரண்டும் ஒவ்வொன்றே. அடுப்புக்கு மீட்டர்ப் பலகையிலிருந்து தடித்த தனிக் கம்பி, தனி எம்.சி.பி., நல்ல எர்த் எல்லாம் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பேசி ஒப்புக்கொண்ட தொகையில் முதலில் விடுபடுவது எர்த்தாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது இல்லாவிட்டாலும் மிக்சி ஓடும்.

திருமலை மடைப்பள்ளிகளின் வழி வேறு. லட்டு தயாராகும் மடைப்பள்ளியான பொட்டில் விறகு போய் 1984இல் எரிவாயு வந்தது. 2002இல் அன்னதானச் சமையலுக்குச் சூரிய நீராவி ஏற்பாடு அமைந்தது. 106 குழியாடிகள் வெயிலைக் குவித்து நீராவி எழுப்பின. நாளுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும்படி அதை அமைத்தார்கள். செலவு ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ரூபாய். துணைக் கொதிகலன், பாத்திரங்கள், ஐந்தாண்டுப் பராமரிப்பு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். ஆண்டுக்கு 1,18,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். சமையலறையை முழுதாக எண்ணி விலை பேசிய இந்த முறை, நான்கு பேர் சாப்பிடும் வீட்டுக்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

வீட்டு வயரிங்கை வெறும் எண்ணிக்கையாக நடத்தக்கூடாது என்பதைச் சட்டமும் அறியாமல் இல்லை. பல்பு, ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர மற்றவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி சொன்னது. 2010இன் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 5 கிலோவாட்டைத் தாண்டும் வீடுகளுக்கு மின்கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கின. இண்டக்‌ஷன், ஓவன், கெட்டில், மிக்சி எல்லாம் ஒரே காலையில் ஓடினால் சமையலறை மட்டுமே அந்த அளவை நெருங்கிவிடும். ஆனால் 2000இலிருந்து திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மின்வழங்கல் நிறுவனத்தின் பொறுப்பு மீட்டரோடு நிற்கிறது. புது இணைப்புக் கேட்கும்போது வயரிங் சோதனை அறிக்கை உண்டு. இருக்கும் வீட்டில் சமையலறையை மட்டும் மாற்றும்போது, வீட்டுக்காரர் தானே கேட்டு வாங்கினால்தான் அந்தச் சோதனை நடக்கும்.