சும்மா இருக்கும் கம்பி: ஃபயர் அலாரத்தின் 170 வருஷக் கதை

ஃபயர் அலாரம் ஒரு விசித்திரமான கருவி. வருஷக்கணக்கா சும்மாவே இருக்கணும், ஒரே ஒரு நாள் மட்டும் தவறாம வேலை செய்யணும். சரி, இன்னைக்கு அது அமைதியா இருக்கே, தீ இல்லாததாலா, இல்லை கம்பி அறுந்துபோனதாலா? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டே போனதில் 1852-ஆம் ஆண்டின் பாஸ்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அதுவரை அங்கே தீப்பிடித்தால் தேவாலய மணி அடிப்பார்கள். ஏதோ ஒரு பக்கம் தீ என்பது தெரியும், எந்தத் தெரு என்பது தெரியாது. மருத்துவம் படித்த வில்லியம் சானிங்கும் தந்திப் பொறியாளர் மோசஸ் ஃபார்மரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தெருவுக்குத் தெரு ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் அந்த எண்ணைத் தந்தி மொழியில் மத்திய அலுவலகத்துக்கு அனுப்பும். நாம இன்னைக்கு 'அட்ரஸபிள்' என்று சொல்வதும் இதைத்தானே?

எனக்குப் பிடித்தது எண் மட்டும் இல்லை, அதை அனுப்பிய விதமும்தான். சாதாரண அழைப்பு மணியில் பட்டனை அழுத்தினால்தான் மின்சாரம் ஓடும். கம்பி அறுந்திருந்தால், அழுத்திப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. பாஸ்டன் பெட்டிகளின் கம்பியிலோ எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டி அதை விட்டு விட்டுத் துண்டித்துத் தன் எண்ணைச் சொல்லும். துண்டிப்பு ஒழுங்கான தாளத்தில் வந்தால் தீ. போன மின்சாரம் திரும்பி வரவே இல்லையா, கம்பியில் கோளாறு. அதாவது, கம்பி தன் சாவைத் தானே அறிவிக்கும்!

பிற்காலத்தில் கட்டடங்களுக்குள் வந்த சாதாரண அலாரங்கள் இந்தக் கண்காணிப்பை விடவில்லை. கம்பியின் கடைசியில் ஒரு ரெசிஸ்டரை வைத்து, சிறு மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தன. ஆனால் எண் போய்விட்டது. 'மூன்றாம் மாடியில் எங்கேயோ' என்பதோடு சரி. 1980களில் மைக்ரோபிராசசர் வந்த பிறகுதான் ஒவ்வொரு டிடெக்டருக்கும் மறுபடி எண் கிடைத்தது. இப்போ பேனல் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'இருக்கியா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கோளாறு இருக்கு என்று தெரிந்தால் போதுமா, எங்கே என்று தெரிய வேண்டாமா? 19-ஆம் நூற்றாண்டின் தந்திக்காரர்கள் இதற்கு 'முர்ரே லூப்' என்ற சோதனையைப் பயன்படுத்தினார்கள். மண்ணில் கசியும் கம்பியின் மறுமுனையை ஒரு நல்ல கம்பியோடு இணைத்து, வீட்ஸ்டன் பாலத்தால் விகிதம் பார்ப்பார்கள். மொத்தச் சுற்று 2000 மீட்டர், விகிதம் 3:1 என்றால் கோளாறு 500 மீட்டரில். அங்கே போய்த் தோண்டினால் போதும்.

இன்றைய டெக்னீஷியனுக்கு எண்களே அளவுகோல். லூப்பின் ஒரு முனையிலிருந்து மட்டும் கூப்பிட்டால் 37 வரை பதில் வருகிறது, மறுமுனையிலிருந்து கூப்பிட்டால் 38 வரை. அப்போ அறுந்த இடம் இரண்டுக்கும் நடுவில். எர்த் ஃபால்ட் இப்படிச் சுலபமாக மாட்டாது, எல்லாக் கருவிகளும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். லூப்பை நடுவில் பிரித்து, எந்தப் பாதி கசிகிறது என்று அளந்து, அந்தப் பாதியை மறுபடி பிரிக்கணும். 126 கருவிகள் இருந்தாலும் ஏழு முறைக்குள் இடம் தெரிந்துவிடும். என் தொழிலில் இதை பைனரி சர்ச் என்போம். ஒரு எச்சரிக்கை: மெகர் வைத்து 500 வோல்ட் கொடுக்கும் முன் டிடெக்டர்களைக் கழற்றிவிடணும், இல்லாவிட்டால் அவையும் போய்விடும்.

எர்த் ஃபால்ட் ஒன்று மட்டும் இருந்தால் அமைப்பு வழக்கம்போல ஓடும். அதுதான் ஆபத்தும். இரண்டாவது இடத்திலும் கசிந்தால் லூப்பே படுத்துவிடலாம். மழைக்காலத்தில் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இறங்கி, வெயிலில் காய்ந்து, வந்து வந்து போகும் கோளாறு இது. 'தானா சரியாயிடும்' என்று பஸ்ஸரை அமுக்கிவிட்டுப் போகிற கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன்.

சானிங்கும் ஃபார்மரும் தீர்த்தது 'எங்கே தீ' என்பதை மட்டும் இல்லை. நிம்மதியான அமைதி எது, செத்துப்போன கம்பியின் அமைதி எது என்று பிரித்துக் காட்டினார்கள். பேனலில் எரிகிற அந்த மஞ்சள் விளக்கு அவர்கள் விட்டுச்சென்ற சொத்து. அதைப் பார்த்தும் பார்க்காமல் போனால், நாம மறுபடி 1852-க்கு முந்தின ஊரில்தான் குடியிருக்கிறோம். உங்க கட்டடத்தில் அது எரிகிறதா என்று இன்னைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.