பாக்டீரியாவிற்குள் புகுந்து வளரும் பாக்டீரியா: நோயாளிகளுக்கும் கவனிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

மருந்துக்குக் கட்டுப்படாத தொற்றினால் நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ அவதியுறும்போது, கிருமியைத் தின்னும் கிருமி ஒன்று உண்டு என்ற செய்தி உங்கள் பார்வைக்கு வந்திருக்கலாம். செய்தி உண்மையே, ஆனால், அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

டெல்லோவிப்ரியோ என்னும் இப்பாக்டீரியாவை ஜெர்மானிய ஆய்வாளர் ஹைன்ஸ் ஸ்டோல்ப் 1962-இல் மண்ணில் கண்டறிந்தார். பெயரின் முற்பகுதி அட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு அட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எனினும் அட்டை வெளியே ஒட்டிக்கொள்ளும். இதுவோ உள்ளேயே குடிபுகும். மண்ணிலும் ஆற்றிலும் கழிவுநீரிலும் உலகெங்கும் வாழ்வதால், நம் கண்மாய்களிலும் இருக்கக்கூடும்.

வால் போன்ற ஒற்றை இழையைச் சுழற்றி விரைந்து நீந்தும் இது, தன்னைவிடப் பெரிய பாக்டீரியா மீது மோதி ஒட்டிக்கொள்கிறது. அதன் வெளிச்சவ்வில் சிறு துளையிட்டு, வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடைப்பட்ட பகுதிக்குள் நுழைந்து, துளையையும் அடைத்துவிடுகிறது. இரை விரைவில் இறந்து உருண்டை வடிவம் பெறுகிறது. அதன் புரதங்களையும் மரபுப்பொருளையும் செரித்து உண்டு, இழைபோல் நீண்டு, பின்னர் பல துண்டுகளாகப் பிரிகிறது. சுமார் 3 முதல் 4 மணி நேரத்தில் குஞ்சுகள் இரையின் கூட்டை உடைத்து வெளியேறி அடுத்த இரையைத் தேடுகின்றன.

இரட்டைச் சவ்வுடைய கிராம் நெகட்டிவ் வகையே இதன் இரை. காசநோய்க் கிருமியையும் ஸ்டஃபைலோகாக்கஸையும் இவ்வாறு உட்புகுந்து உண்ண இயலாது. ஆயினும் 2010-இல் சென்னை உள்ளிட்ட இடங்களிலிருந்து விவரிக்கப்பட்ட, என்டிஎம்-1 நொதியால் வீரியமிக்க மருந்துகளையும் முறியடிக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா ஆகியவை கிராம் நெகட்டிவ் வகையைச் சேர்ந்தவை. ஆய்வாளர்களின் ஆர்வத்திற்குக் காரணம் இதுவே. 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஷிகெல்லா தொற்றிய வரிக்குதிரை மீன் குஞ்சுகள் இதனைச் செலுத்தியபின் கூடுதலாகப் பிழைத்தன. மீன் குஞ்சுக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் எனக் கொள்ள இயலாது.

ஆகவே, இதன் பெயரில் விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். கண்மாய் நீரையோ மண்ணையோ புண்ணில் இடாதீர்கள்; டெட்டனஸ் கிருமியும் மண்ணில்தான் உள்ளது. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் மருத்துவத் துணியும் கிருமி நீக்கப்பட்ட பின்னரே புண்ணுக்கு உகந்தது. மருந்து பலனளிக்காவிடில், மாற்று மாத்திரையை நீங்களே வாங்காமல், சீழ் அல்லது சிறுநீரின் கல்ச்சர் பரிசோதனை தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலுடன் மூச்சிரைப்போ மனக்குழப்பமோ தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள்.